அல்சைமர்: புரதத்தின் மேல் ஏறும் வேதி ஒட்டுகள் அதன் வெட்டை மாற்றுகின்றனவா?

இளம்பரிதி

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அல்சைமர் நோய் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். படித்துக்கொண்டே போனதில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், அதனால் இங்கே கேட்கிறேன்.

அமிலாய்டு முன்னோடிப் புரதம் எல்லாருடைய நரம்பணுவிலும் இருக்கிறது. சுருக்கமாக ஏபிபி என்றே எழுதுகிறேன். ஆல்ஃபா செக்ரிடேஸ் என்ற நொதி அதை வெட்டினால், நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற துண்டு உருவாக வழியே இல்லை, ஏனென்றால் அந்த வெட்டு அமிலாய்டு பகுதியின் நடுவிலேயே, 16ஆம் 17ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையில் விழுகிறது. பீட்டா செக்ரிடேஸ் முந்திக்கொண்டு, அப்புறம் காமா செக்ரிடேஸும் வெட்டினால், பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு வெளியே வருகிறது. இதுவரை தெளிவு.

மரபணுவில் பிழை உள்ள குடும்பங்களில் நோய் வருவதும் புரிகிறது. சுவீடன் நாட்டுக் குடும்பங்களில் கண்ட மாற்றம் பீட்டா வெட்டை எளிதாக்குகிறது. 2012-ல் ஐஸ்லாந்தில் கண்ட இன்னொரு மாற்றம் அதே வெட்டைக் குறைத்து நோயிலிருந்து காக்கிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏபிபி மரபணுவில் பிழை எதுவும் கிடையாது. புரதத்தின் அமினோ அமில வரிசை ஒன்றே. அப்படியானால் ஒரு மூலக்கூறு ஒரு வழியிலும் அடுத்த மூலக்கூறு வேறு வழியிலும் போவதை எது தீர்மானிக்கிறது?

புரதம் உருவான பிறகு அதில் ஏறும் பாஸ்பேட், சர்க்கரை, அசிட்டைல் போன்ற ஒட்டுகள்தான் காரணம் என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. குறிப்பாக ஏபிபியின் 668ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால் பீட்டா வெட்டு கூடும் என்று 2003-ல் வந்த ஒரு ஆய்வு. அப்படியெல்லாம் இல்லை என்று 2006-ல் இன்னொன்று. எதை எடுத்துக்கொள்வது?

கயல்விழி

இளம்பரிதி, நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள். நான் புரதங்களோடு வேலை செய்பவள், என் பார்வையைச் சொல்கிறேன். ஒட்டுகள் பெரும்பாலும் "வெட்டு" என்றோ "வெட்டாதே" என்றோ நேரடியாக உத்தரவு போடுவதில்லை. புரதம் செல்லுக்குள் எங்கே போகிறது, அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத்தான் மாற்றுகின்றன. எந்த நொதியிடம் அகப்படுகிறது என்பது அதிலிருந்து வருகிறது.

ஏபிபியின் பயணத்தைப் பாருங்கள். எண்டோபிளாஸ்மிக் வலையில் உருவாகும்போதே அதன் இரண்டு அஸ்பராஜின்களில் சர்க்கரைக் கிளைகள் ஏறிவிடுகின்றன. கோல்கியில் செரின், திரியோனின்களில் வேறு வகைச் சர்க்கரை சேர்கிறது. பிறகு செல்லின் மேற்பரப்புக்குப் போகிறது. ஆல்ஃபா வெட்டைச் செய்யும் ஆடம்-10 அங்கேதான் அதிகம் வேலை செய்கிறது. வெட்டுப்படாத ஏபிபி மறுபடி உள்ளே இழுக்கப்பட்டு எண்டோசோம் என்ற உட்பைக்குப் போகிறது. எண்டோசோமின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, பேஸ்-1 என்ற பீட்டா செக்ரிடேஸ் நன்றாக வேலை செய்ய அந்த அமிலத்தன்மை வேண்டும். ஆகவே மேற்பரப்பில் தங்கும் நேரம் குறைந்து எண்டோசோமில் தங்கும் நேரம் கூடினாலே போதும், வரிசையில் ஒரு எழுத்துகூட மாறாமல் அமிலாய்டு பீட்டா கூடிவிடும்.

இப்போது 668. ஏபிபியின் வால் 47 அமினோ அமிலம் நீளம், அது செல்லின் உட்புறம் தொங்குகிறது. அதில்தான் அந்தத் திரியோனின் இருக்கிறது, அதற்கு அடுத்தது புரோலின். ஜிஎஸ்கே-3 பீட்டா, சிடிகே-5, ஜேஎன்கே ஆகிய கைனேஸ்கள் அதில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஏறியதும் புரோலினுக்கு முந்தைய பிணைப்பின் வளைவு மாறுகிறது, சில மூலக்கூறுகள் டிரான்ஸ் வடிவத்திலிருந்து சிஸ் வடிவத்துக்குப் போகின்றன. அதை வேகமாகத் திருப்பிவிடும் நொதி பின்-1. பின்-1 இல்லாத எலிகளில் வயது ஏற ஏறக் கரையாத அமிலாய்டு பீட்டா 42 கூடியது என்று 2006-ல் காட்டினார்கள். பாஸ்பேட் வெறுமனே ஏறியதா என்பதோடு நிறுத்தக்கூடாது, ஏறிய பிறகு வால் எந்த வடிவத்தில் நிற்கிறது, அதை எந்தப் புரதம் வந்து பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஒட்டும் இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஏபிபியின் 186, 187ஆம் சிஸ்டீன்களில் பால்மிடிக் அமிலம் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு ஒட்டிய ஏபிபி, கொலஸ்டிரால் செறிந்த சவ்வுத் திட்டுகளில் போய்ச் சேர்கிறது. பேஸ்-1 காத்திருப்பதும் அங்கேதான். 2013-ல் வந்த அந்த வேலையைத் தேடிப் படியுங்கள். வெட்டு விழும் இடம் புரதத்தின் ஒரு முனையில், ஒட்டு மறுமுனைக்குப் பக்கத்தில். அப்படியிருந்தும் வெட்டு மாறுகிறது.

அறிவன்

> அப்படியெல்லாம் இல்லை என்று 2006-ல் இன்னொன்று

அந்த இன்னொன்றை இலேசாகத் தாண்டிப் போகக்கூடாது. 668ஆம் திரியோனினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் ஏறவே முடியாத அலனினை வைத்த எலிகள் அவை. மரபணுவை அதன் இயல்பான இடத்திலேயே மாற்றினார்கள், ஆகவே ஏபிபியின் அளவு இயற்கையான அளவுதான். மூளையில் அமிலாய்டு பீட்டா மாறவில்லை.

இந்தத் துறையில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான். ஒரு செல்லில் ஏபிபியை அளவுக்கு மீறித் திணிக்கிறார்கள், கூடவே ஒரு கைனேஸையும் திணிக்கிறார்கள். ஏற்கெனவே போக்குவரத்து நெரிசலில் இருக்கும் செல் அது. அதில் அமிலாய்டு பீட்டா கூடியது என்றால் அந்த ஒட்டு காரணமா, நெரிசல் காரணமா என்று யாரால் சொல்ல முடியும்? இயல்பான அளவில், இயல்பான இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்த வேலைகளுக்குத்தான் நான் எடை கொடுப்பேன்.

கயல்விழி

அறிவன் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. 668 மட்டும் தனியாக நின்று எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் விசை அல்ல. அந்த எலி ஆய்வுக்குப் பிறகு அப்படி யாரும் சொல்லக்கூடாது. ஆனால் அதன் எல்லையையும் பாருங்கள். எலியின் அமிலாய்டு பீட்டா மனிதனுடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது, அது தானாகப் படிவதில்லை. பின்-1 வேலையிலேயே வித்தியாசம் வயதான எலிகளில்தான் தெரிந்தது. இயல்பான மூளையில் இந்த ஒட்டு அமிலாய்டு அளவைத் தீர்மானிப்பதில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. சீர்கெட்டுக்கொண்டிருக்கும் முதிய மனித மூளையைப் பற்றி அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

எனக்கு இதைவிட வலுவாகத் தெரிவது வேறொன்று. எல்லாரும் வெட்டுப்படும் புரதத்தின் ஒட்டுகளையே பார்க்கிறோம். வெட்டும் நொதியும் ஒரு புரதம்தானே? அதன் மேலும் ஒட்டுகள் ஏறுகின்றன. பேஸ்-1 மேல் நான்கு இடங்களில் சர்க்கரைக் கிளை ஏறும். அந்தக் கிளையின் நடுவில் ஒரு கூடுதல் சர்க்கரையைச் செருகும் நொதி ஒன்று உண்டு, ஜிஎன்டி-3 என்பார்கள். 2015-ல் ஜப்பானியக் குழு ஒன்று அதை எலிகளில் நீக்கியது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அந்த நடுச்சர்க்கரை ஏறிய பேஸ்-1 கூடுதலாக இருப்பதையும் அதே குழு பார்த்தது.

நடுச்சர்க்கரை இல்லாத பேஸ்-1 எண்டோசோமில் தங்கவில்லை, லைசோசோமுக்குப் போய் அழிந்தது. அமிலாய்டு படிவு குறைந்தது. இன்னும் முக்கியம், பேஸ்-1 வெட்ட வேண்டிய மற்ற சில நரம்புப் புரதங்கள் வழக்கம்போலவே வெட்டுப்பட்டன. எலிகளும் நலமாக இருந்தன. அதாவது நொதியின் வேலைத்திறன் அப்படியே இருக்க, அது நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

மருத்துவர் செழியன்

மருந்துச் சோதனைகளின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். கயல்விழி அவர்கள் கடைசியாகச் சொன்னது எங்களுக்கு ஏன் முக்கியம் என்று புரியும்.

பேஸ்-1-ஐ 1999-ல் கண்டுபிடித்தார்கள். அதை அடைத்துவிட்டால் அமிலாய்டு நின்றுவிடும் என்று பல நிறுவனங்கள் இறங்கின. வெருபெசெஸ்டாட் என்ற மருந்து மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டாவைப் பாதிக்கும் மேல் குறைத்தது. அப்படியிருந்தும் நினைவாற்றல் மேம்படவில்லை. நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்கள் சில அளவீடுகளில் மற்றவர்களைவிட மோசமானார்கள். 2018-ல் அதுவும் நின்றது. அதற்கு முன் காமா செக்ரிடேஸை அடைக்கும் செமகாசெஸ்டாட் 2010-ல் நிறுத்தப்பட்டது, அதிலும் நினைவாற்றல் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது.

இந்த நொதிகளுக்கு ஏபிபி மட்டும் இரையல்ல. காமா செக்ரிடேஸ் நாட்ச் புரதத்தை வெட்டுகிறது, பேஸ்-1 நியூரெகுலினை வெட்டுகிறது. எல்லா இடத்திலும் எல்லா வெட்டையும் நிறுத்தினால் உடம்பு தாங்காது. நொதியை அடைக்காமல் அது நிற்கும் இடத்தை மட்டும் மாற்ற முடியுமானால், அது வேறு வகை சிகிச்சை. இன்றைக்கு அப்படி ஒரு மருந்து கையில் இல்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நிலா

மன்னிக்கவும், நான் அறிவியல் படித்தவள் அல்ல. அம்மாவுக்குச் சமீபத்தில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள், "பி-டாவ் 217 அதிகம்" என்று வந்திருக்கிறது. நீங்கள் பேசும் பாஸ்பேட் இதுதானா? அப்படியென்றால் சாப்பாட்டில் பாஸ்பேட்டைக் குறைத்தால் இது இறங்குமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் தூக்கம் வரவில்லை.

மருத்துவர் செழியன்

நிலா அம்மா, கூச்சப்பட எதுவுமே இல்லை. நேரடியான கேள்வி, நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

ஆமாம், அதே பாஸ்பேட்தான். டாவ் என்ற புரதத்தின் 217ஆம் இடத்தில் உள்ள திரியோனினில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டை அந்தப் பரிசோதனை அளக்கிறது. ஆனால் அது உணவிலிருந்து வந்து ஒட்டுவதில்லை. செல்லுக்குள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து எடுத்து நொதிகள் ஏற்றுவது. உணவை மாற்றி அதை இறக்க முடியாது. அம்மாவின் சாப்பாட்டில் இதற்காக எதையும் நிறுத்த வேண்டாம்.

அந்த எண் ஏறியிருந்தால், மூளையில் அமிலாய்டு படிவு இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது ஏறலாம், ஆகவே அம்மாவின் சிறுநீரக அறிக்கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி பெற்ற இரத்தப் பரிசோதனைகூட, பி-டாவ் 217-க்கும் அமிலாய்டு பீட்டா 42-க்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்கிறது, அதுவும் அறிகுறி உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அறிகுறி, நினைவாற்றல் சோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நிலா

மிக்க நன்றி டாக்டர். சிறுநீரக அறிக்கை இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன்.

இளம்பரிதி

டாவ் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாஸ்பேட் ஏறுகிறது, நரம்பணுவின் உள்ளே இருக்கும் நுண்குழாயிலிருந்து டாவ் கழன்றுவிடுகிறது, கழன்றது ஒன்றோடொன்று சேர்ந்து முடிச்சாகிறது. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். இது சரியா அக்கா?

கயல்விழி

பாதி சரி. மீதியில்தான் விஷயம் இருக்கிறது.

மனித மூளையின் மிக நீளமான டாவ் 441 அமினோ அமிலம். அதில் பாஸ்பேட் ஏறக்கூடிய செரின், திரியோனின், டைரோசின் சேர்த்து 85 இடங்கள். இயல்பான டாவில் மூலக்கூறுக்கு இரண்டு அல்லது மூன்று பாஸ்பேட் என்றும், அல்சைமர் மூளையில் அது மூன்று நான்கு மடங்கு என்றும் கணக்கிட்டார்கள். ஏற்றுபவை கைனேஸ்கள், இறக்குபவை பாஸ்பட்டேஸ்கள். மனித மூளையில் டாவிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் வேலையில் சுமார் 70 சதவீதத்தை பிபி-2ஏ என்ற ஒரே நொதி செய்கிறது. நோயாளிகளின் மூளையில் அதன் செயல்பாடு குறைந்திருக்கிறது. ஆகவே கைனேஸ் மேல் மட்டும் பழிபோட முடியாது.

ஆனால் பாஸ்பேட் ஏறினாலே நோய் என்று எண்ணினால் தரை அணில் நம்மை மறுக்கும். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் ஐரோப்பியத் தரை அணில்களின் மூளையில் டாவ் மேல் பாஸ்பேட் கிட்டத்தட்ட அல்சைமர் போலவே ஏறிவிடுகிறது. விழித்தெழுந்ததும் இறங்கிவிடுகிறது. முடிச்சு இல்லை, நரம்பணு சாவதும் இல்லை. 2003-ல் வெளியான வேலை இது. கருவில் வளரும் மூளையிலும் பாஸ்பேட் அதிகம். பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் பி-டாவ் 217 அல்சைமர் நோயாளிகளைவிட அதிகம் என்று 2025-ல் பார்த்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஏறியது இறங்குகிறது. முதிய மூளையில் அது இறங்காமல் நின்றுபோவது ஏன் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

ஒரு காரணம் டாவின் அழிப்பிலேயே இருக்கலாம். டாவில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருக்கையில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் உட்கார்ந்தால், டாவ் செல்லின் அழிப்பு இயந்திரமான புரோட்டியசோமுக்குப் போய் அழியும். அதே இருக்கையில் அசிட்டைல் முதலில் உட்கார்ந்துவிட்டால் யுபிக்விட்டினுக்கு இடமில்லை, டாவ் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். பி-300 அசிட்டைலை ஏற்றுகிறது, சர்ட்-1 இறக்குகிறது, இதை 2010-ல் காட்டினார்கள். இப்படித் தேங்குவது பாஸ்பேட் ஏறிய டாவ்தான். ஒரு ஒட்டின் விளைவு இன்னொரு ஒட்டால் நீள்கிறது.

செரின், திரியோனினிலும் இதே போட்டி உண்டு. ஓ-கிளக்நாக் என்ற ஒற்றைச் சர்க்கரை, பாஸ்பேட் ஏறும் இடங்களிலோ அவற்றின் பக்கத்திலோ ஏறும். அந்தச் சர்க்கரையின் மூலப்பொருள் குளுக்கோஸிலிருந்து வருகிறது. அல்சைமர் மூளை குளுக்கோஸைக் குறைவாகவே எடுக்கிறது என்பது பெட் ஸ்கேனில் கண்ணால் பார்க்கக்கூடிய செய்தி. சர்க்கரை குறைந்த இடத்தில் பாஸ்பேட் கூடுகிறது என்ற கருத்து அங்கிருந்து வந்தது. ஏபிபி மேலும் ஓ-கிளக்நாக் ஏறும். செல்களில் அதைக் கூட்டியபோது ஆல்ஃபா வெட்டு கூடி அமிலாய்டு பீட்டா குறைந்தது.

கடைசியாக வெட்டு. டாவும் வெட்டுப்படுகிறது, அதை மறந்துவிடுகிறோம். காஸ்பேஸ்-3 அதன் 421ஆம் அஸ்பார்டேட்டில் வெட்டுகிறது. அஸ்பராஜின் எண்டோபெப்டிடேஸ் 368-ல் வெட்டுகிறது. இந்த இரண்டாவது நொதி ஏபிபியையும் வெட்டி, மிச்சத்தை பேஸ்-1-க்கு இன்னும் எளிதான இரையாக்குகிறது. அதனால் அதை டெல்டா செக்ரிடேஸ் என்றும் அழைக்கிறார்கள். அமிலாய்டு ஒரு கட்சி, டாவ் ஒரு கட்சி என்று பிரித்துப் பேசியவர்களுக்கு இந்த ஒரு நொதி போதும்.

அறிவன்

> சர்க்கரை குறைந்த இடத்தில் பாஸ்பேட் கூடுகிறது

இந்தக் கருத்து அழகானது, அதனாலேயே எச்சரிக்கை தேவை. ஓ-கிளக்நாக்கை அகற்றும் நொதியை அடைக்கும் தியாமெட்-ஜி என்ற மருந்தை டாவ் முடிச்சு உண்டாகும் எலிகளுக்குக் கொடுத்து, முடிச்சு குறைவதை 2012-ல் காட்டினார்கள். ஆனால் அந்த எலிகளில் டாவ் மேல் பாஸ்பேட் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சர்க்கரை ஏறியதே டாவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுத்தது. அதாவது மருந்து பலித்தது, ஆனால் சொல்லிக்கொண்டிருந்த காரணத்தால் அல்ல. பிறகு அதே வழியில் வந்த செபரொக்னாஸ்டாட் மனிதர்களிடம் 2024-ல் இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் தரவில்லை. ஜிஎஸ்கே-3-ஐ அடைத்த டைடெக்லூசிப்பும் அப்படியே.

ஒட்டுகளின் வரிசையையும் பாருங்கள். 2020-ல் பல நோயாளிகளின் மூளை டாவை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறையளவியில் ஆராய்ந்தபோது, பாஸ்பேட் முன்னதாகவும், டாவ் சேர்ந்து உருவாகும் இழையின் நடுப்பகுதியில் அசிட்டைலும் யுபிக்விட்டினும் நோய் முற்றும்போதும் கூடுவது தெரிந்தது. இழை உருவான பிறகு செல் அதை அழிக்கப் பார்த்துத் தோற்ற தடயமாகவும் அந்த யுபிக்விட்டின் இருக்கலாம். காரணம் எது, விளைவு எது என்று பிரிக்காமல் மருந்து செய்யப்போனால் இப்படித்தான் தோற்போம்.

தாமரை

நிறையளவி என்று பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன், என் வேலையே அதில்தான்.

நீங்கள் யாரும் இன்னும் தொடாத ஒட்டு ஒன்று உண்டு, என் கணக்கில் அல்சைமரில் மிகத் தெளிவான கதை அதுதான். அமிலாய்டு பீட்டாவின் முதல் இரண்டு அமினோ அமிலங்கள் போய்விட்டால் மூன்றாவதான குளூட்டமேட் முனைக்கு வரும். குளூட்டமினைல் சைக்ளேஸ் என்ற நொதி அந்த முனையை வளையமாக மூடிவிடும். மூடும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், நிறை 18 குறையும், கருவியில் அந்த 18 பளிச்சென்று தெரியும். வளையமானதும் முனையிலிருந்த மின்னூட்டங்கள் போய்விடுகின்றன, நீரை விட்டு விலகி ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை கூடுகிறது. முனையிலிருந்து கடித்துத் தின்னும் அமினோபெப்டிடேஸ்களுக்குப் பிடிமானமும் இல்லை. வேகமாகப் படியும், மெதுவாக அழியும்.

டொனானெமாப் என்ற எதிர்ப்பொருள் இந்த வளைய முனையைத்தான் அடையாளம் கண்டு பிடிக்கிறது. படிவுக்குள் மட்டும் அதிகமாக இருக்கும் வடிவம் என்பதால் அதைக் குறிவைத்தார்கள். அமெரிக்காவில் 2024 ஜூலையில் அனுமதி கிடைத்தது. படிவை நன்றாகவே அகற்றுகிறது, சரிவின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அதே வளையத்தை உருவாகவே விடாமல் அந்த சைக்ளேஸை அடைக்கப் பார்த்த வரோக்ளூட்டம்ஸ்டாட் 2024-ல் தோற்றது. அறிவன் அவர்கள் கேட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரு ஒட்டு நல்ல அடையாளமாக இருக்கலாம், குறிவைக்க உதவலாம், ஆனாலும் அதை உண்டாக்கும் நொதியை நிறுத்தினால் நோய் நிற்கும் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயல்விழி, "இரண்டு அல்லது மூன்று பாஸ்பேட்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன். இறந்த பிறகு எடுத்த மூளையில் பாஸ்பட்டேஸ்கள் உடனே வேலையை நிறுத்துவதில்லை, பாஸ்பேட்டை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. 1994-ல் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த மூளைத் துணுக்குகளைப் பார்த்தார்கள். நோய்க்கே உரியவை என்று நம்பிய பல இடங்களில் இயல்பான டாவிலும் பாஸ்பேட் இருந்தது. ஆகவே "இயல்பு" என்று நாம் வைத்திருக்கும் அளவுகோலே ஓரளவு தாமதத்தால் உருவானது. அல்சைமர் இழையில் சிக்கிய பாஸ்பேட் நொதிக்கு எட்டாததால் அங்கே நிலைத்திருக்கிறது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் நாம் அச்சிட்ட அளவுக்கு இருக்காது.

கயல்விழி

தாமரை, இதைச் சேர்த்ததற்கு நன்றி. அணில் கதையோடு இதையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: உயிருள்ள மூளையில் டாவ் மேல் பாஸ்பேட் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு கணத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, ஏறிய ஒன்று எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளப்பதற்குத்தான் நான் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவேன்.

இளம்பரிதி

அப்படியானால் இந்தச் சண்டையை முடித்துவைக்கும் சோதனை எப்படி இருக்க வேண்டும்? எலி வேண்டாம், திணித்த செல் வேண்டாம், இறந்த மூளையும் முழுதாக நம்ப முடியாது என்றால் என்னதான் மிச்சம்?

அறிவன்

மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பணு. அதில் ஏபிபி மரபணுவின் ஒரே ஒரு அமினோ அமிலத்தை இயல்பான இடத்திலேயே மாற்ற வேண்டும். அளவு கூடக்கூடாது, குறையக்கூடாது. பிறகு அமிலாய்டு பீட்டாவை மட்டும் அளந்து நிறுத்தாமல், மேற்பரப்பில் எவ்வளவு, எண்டோசோமில் எவ்வளவு என்று நேரத்தோடு பின்தொடர வேண்டும். கயல்விழியின் "இடம்தான் முக்கியம்" என்ற கருத்து அங்கே நேரடியாகச் சோதனைக்கு வரும். இடம் மாறாமல் வெட்டு மாறினால் அவர் கருத்து விழும், நானும் அதைத் தேடிப் பார்ப்பேன்.

ஒரு குறை: அந்த நரம்பணுக்கள் கரு நிலையில் இருப்பவை. அவற்றின் டாவ் பெரும்பாலும் கருவில் இருக்கும் குட்டை வடிவம். முதுமையைத் தட்டில் வளர்ப்பது இன்னும் எளிதாகவில்லை.

கயல்விழி

விழுந்தால் விழட்டும், அப்படியொரு சோதனையை நான் வரவேற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: திரியோனினுக்குப் பதில் அலனின் வைத்தால் பாஸ்பேட் இல்லாத நிலை கிடைக்கும், அது சரி. ஆனால் பாஸ்பேட் எப்போதும் ஏறியிருக்கும் நிலைக்காக குளூட்டமேட் அல்லது அஸ்பார்டேட் வைப்பார்கள். அதற்கு மின்னூட்டம் ஓரளவு ஒத்துவரும், வடிவம் ஒத்துவராது, பின்-1 அதைப் பாஸ்பேட் என்று எடுத்துக்கொள்ளாது. 668 போன்ற இடத்தில் அந்தக் குறுக்குவழி தவறான பதிலைத்தான் தரும்.

தாமரை

இன்னும் பெரிய தடை அளவிடும் முறையிலேயே இருக்கிறது. வழக்கமாகப் புரதத்தை டிரிப்சின் என்ற வெட்டும் நொதியால் துண்டாக்கித்தான் நிறையளவியில் விடுகிறோம். துண்டாக்கியதும் 217-ல் பாஸ்பேட் இருந்த மூலக்கூறும் 280-ல் அசிட்டைல் இருந்த மூலக்கூறும் ஒன்றா, வேறா என்று சொல்ல வழியில்லை. ஒட்டுகள் ஒன்றையொன்று தடுக்கின்றன, நீட்டிக்கின்றன என்று இங்கே பேசியதெல்லாம் ஒரே மூலக்கூறின் மேல் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெட்டாமல் முழுப் புரதத்தையே நிறுக்கும் முறை வளர்ந்துவருகிறது, ஆனால் டாவ் போன்ற ஒன்றில் வடிவங்கள் இவ்வளவு அதிகம் என்பதால் இன்னும் கடினம்.

இளம்பரிதி, கருத்தரங்கோடு நிற்காமல் ஆய்வகத்திலும் இதைச் செய்யப்போவதாக இருந்தால் சில வேலைக் குறிப்புகள். மாதிரியை எடுத்த உடனே உறைய வையுங்கள். கரைக்கும் திரவத்தில் பாஸ்பட்டேஸ் தடுப்பானோடு, டிஅசிட்டைலேஸ் தடுப்பானும் ஓ-கிளக்நாக்கை அகற்றும் நொதிக்கான தடுப்பானும் சேருங்கள், பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டு ஒட்டுகளையும் அளக்கப் பார்க்கிறார்கள். அசிட்டைல் ஏறிய லைசினில் டிரிப்சின் வெட்டாது, ஆகவே அங்கே துண்டு எதிர்பார்த்ததைவிட நீளமாக வரும். அசிட்டைலும் மூன்று மெத்தில்களும் நிறையைக் கிட்டத்தட்ட ஒரே 42 கூட்டும், ஒன்று 42.011, மற்றது 42.047. இரண்டையும் பிரிக்கும் துல்லியம் உங்கள் கருவிக்கு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லைசின் பக்கம் இப்போதைக்குப் போகாமல் 181, 217, 231 ஆகிய பாஸ்பேட் இடங்களோடு தொடங்குங்கள், அவற்றுக்கு நல்ல எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன.